அப்பா காலில் வைத்த இலை

அப்பாவுக்கு முள் குத்திய அன்று ஊரில் அவரும் அம்மாவும்தான் இருந்தார்கள். நான் இல்லை. கோலாலம்பூரில், பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருந்தேன்.

அப்பா புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். மட்டை முள் பூட்ஸைத் துளைத்துச் சுண்டு விரலில் ஏறியிருக்கிறது. பிடுங்கி எறிந்துவிட்டு, சாலையோரத்தில் கப்பல் தெர்பாங் என்கிற செடியின் இலையைக் கசக்கி வைத்துக் கட்டியிருக்கிறார். காடுமேடெல்லாம் முளைக்கும் களைதான். வெட்டுக்காயம் என்றால் இங்கே கை முதலில் அதைத்தான் பறிக்கும். இரத்தம் சட்டென்று நிற்கும்.

அம்மா போனில் சொன்னதும் எனக்குச் சந்தோஷம். என் இறுதியாண்டு ஆய்வே அந்த இலை. குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். என்ன படிக்கிறேன் என்று வீட்டில் எப்படிச் சொல்வதென்றே தெரியாது. அன்று வழி கிடைத்தது. விட்டேனா?

"அதுல ஃபிளவனாய்ட், டானின் எல்லாம் இருக்கும்மா. ரத்தத்தக் கட்டும், கிருமிய அடக்கும். லேப்ல நாங்களே பாத்தோம்."

"கேட்டீங்களா? ஒங்க மவன் அங்க போயி படிக்கிறதே நீங்க கசக்குற எலயத்தானாம்!"

"அப்ப எனக்கும் ஒரு டிகிரி குடுக்கச் சொல்லு லா," என்று அப்பா பின்னாலிருந்து கத்தினார்.

அவருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, இருப்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவேயில்லை. நாங்கள் பார்த்தது கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களை. அந்த வியாதியில் மரத்துப்போன காலை யார் பார்த்தார்கள்?

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே நாற்றம். தினமும் புது இலை வைத்துக் கட்டியிருக்கிறார். பிரித்தால் விரல் கறுத்து, புறங்கால் வீங்கியிருந்தது.

"வலிக்கலயாப்பா?"

"வலிச்சா கிளினிக்குப் போயிருக்க மாட்டேனா? நீதான நல்லதுன்ன."

பக்கத்து வீட்டுக் காரில் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். காயத்தைக் கழுவிய நர்ஸ் மிஸ்ஸியிடம், நான்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் கை நிற்கவில்லை.

"கத்தி பட்டா நானும் அந்த எலயத்தான் தம்பி வைப்பேன். ஆனா இனிப்புநீர்க் காலு, ஆழமான முள்ளுக் குத்து. மூடி வச்சா உள்ளயே சீழ் கட்டிக்கும். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா முட்டிக்குக் கீழ காலே இல்ல." பிறகு அப்பாவைப் பார்த்தார். "அங்கிள், மாத்திர ஒழுங்கா சாப்டீங்களா, இல்ல அதுக்கும் எலதானா?"

அப்பா சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. பிறகு இரண்டு மாதம் எங்கள் ஊர் கிளினிக்கில் கட்டு மாற்றினார்கள். அங்கே ஒருவர்கூட எங்களை முகம் சுளித்துப் பார்த்ததில்லை. விசாரிக்க வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் அப்பா, "முள்ளு குத்திருச்சு, கவனிக்காம விட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார். என் பேச்சை எடுக்கவே இல்லை. அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இனிப்புநீர்ப் புண்ணில் இதைச் சோதிக்கவில்லை என்று என் ஆய்வேட்டில் ஒரு வரி சேர்த்தேன். வார்டு, அறுவை, கிளினிக் சீட்டு எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது ஒரு விரலும் நூற்றெண்பத்தாறு மலேசிய வெள்ளியும்.