ஒரு போத்தல் ஸ்டவுட்டும் பதினைந்து கிலோமீற்றரும்

வலைப்பதிவு நண்பர்கள் எல்லோரும் இந்த மாதம் தங்களுக்குப் பிடித்த பியர், வைன், விஸ்கி என்று பட்டியல் போடுகிறார்கள். சனிக்கிழமை மட்டும் குடிக்கிறவர், கல்யாண வீட்டில் மட்டும் குடிக்கிறவர், மனைவி ஊருக்குப் போனால் மட்டும் குடிக்கிறவர் என்று ஆளுக்கொரு பட்டியல். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் பன்னிரண்டு வகை பியருக்குப் புள்ளி போட்டு, நுரையின் உயரம் வரை எழுதியிருக்கிறார். என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் குடிப்பதில்லை. ஆனால் ஒரு போத்தல் பியரைக் கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம் வரை கொண்டுபோயிருக்கிறேன். அந்தப் பயணத்தைத்தான் எழுதப்போகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

போன பங்குனியில் போனேன். சமாதான ஒப்பந்தம் இன்னும் இருக்கிறது என்று பேப்பர்காரர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஊரில் ஆட்கள் மறுபடியும் பதுங்குகுழியைத் துப்புரவாக்கத் தொடங்கியிருந்தார்கள். என் அக்கா யோகத்தின் புருஷன், நடேசன் அத்தான், இறந்து முப்பத்தோராம் நாள் வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்குச் செத்தவருக்குப் படையல் வைப்போம். அவர் விரும்பிச் சாப்பிட்டது, விரும்பிக் குடித்தது எல்லாம் வாழையிலையில் வைத்து, உச்சிப் பொழுதுக்கு முன் அவரைக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். அதில் ஒன்று குறைந்தாலும் அவர் மனக்குறையோடு போவார் என்று அக்கா நம்புகிறாள்.

அவர்கள் ஊரில் போன் கிடையாது. அக்கா டவுனுக்கு வந்து கொமினிகேசன் கடையிலிருந்து பேசினாள். "இறாலும் நண்டும் இஞ்ச இருக்கு புள்ள. அந்தக் கறுப்பு பியர்தான் இல்ல. நீ வரக்குள்ள ஒண்டு கொண்டு வா கா."

கறுப்பு பியர் என்றால் ஸ்டவுட். அத்தானுக்குச் சாராயம் ஒத்துவராது. கள்ளமாகக் காய்ச்சும் கசிப்பின் மணமே பிடிக்காது. கள்ளு கிடைத்தால் மறுக்கமாட்டார். ஆனால் வயலில் வேளாண்மை வெட்டி முடிந்த அன்று ஒரு போத்தல் ஸ்டவுட், இறால் பொரியலோடு. ஒரு போத்தல்தான், இரண்டாவது கேட்டு நான் பார்த்ததில்லை. உங்கள் பட்டியல்களில் இப்படிப்பட்டவருக்கு இடம் இருக்குமா தெரியவில்லை.

புறக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு வைன் ஸ்டோர்ஸில் போய்க் கேட்டேன். கம்பிக்குப் பின்னால் நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெண்களுக்கு விற்க முடியாது, சட்டம் இருக்கிறது என்றார். செத்த வீட்டுக்கு என்றேன். செத்த வீட்டில் ஆம்பிளைகள் இல்லையா என்று கேட்டார். என் பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு முப்பத்தாறு வயது, ஒரு அச்சகத்தில் பதினொரு வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். நூற்றுப் பதினைந்து ரூபாய்க்கு ஒரு போத்தல் பியர் வாங்க எனக்கு யோக்கியதை இல்லையாம். கடைசியில் வாசலில் நின்ற ஓட்டோக்காரர் ஒருவர் வாங்கித் தந்தார். "எனக்கு லாகர்தான், தங்கச்சி. ஸ்டவுட் கசாயம் மாதிரி," என்று கேட்காமலே தன் விருப்பத்தையும் சொன்னார்.

காலை ஆறு மணிக்கு பஸ். கட்டணம் இருநூற்று எண்பது ரூபாய். போத்தலை இரண்டு சேலைக்கு நடுவே சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மேலே தட்டில் வைக்காதீர்கள், பள்ளத்தில் விழுந்தால் போத்தல் உங்கள் தலையில்தான் இறங்கும். பொலன்னறுவை தாண்டியபின் மூன்று இடத்தில் இறக்கி ஏற்றினார்கள். ஒவ்வொரு இடத்திலும் வரிசையில் நின்று, பையைத் திறந்து, அடையாள அட்டையைக் காட்டி, மறுபடி ஏற வேண்டும். இந்த மூன்று இடத்திலும் போத்தலைப் பார்த்தார்கள், சிரித்தார்கள், விட்டுவிட்டார்கள். சித்தாண்டியைக் கடக்கும்போது பஸ்ஸில் பாதிப்பேர் முருகன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள். மடியில் பியரோடு நானும் கும்பிட்டேன். டவுனுக்கு வந்து சேர மாலை மூன்றே முக்கால்.

வாவிப் பாலத்தடியில் ஆமியின் சோதனைச் சாவடி, அதைத் தாண்டினால் இயக்கத்தின் கட்டுப்பாட்டுப் பகுதி, அக்காவின் ஊர் அங்கேதான். சாவடி ஐந்தரைக்கு மூடும். சோதனை முடிந்து மறுகரை போக இரண்டு மணிநேரம் ஆகும் என்பதால் அன்று போக முடியவில்லை. டவுனில் என் சிநேகிதி சாந்தினி வீட்டில் தங்கினேன். அவள் ஆஸ்பத்திரியில் தாதி, மெதடிஸ்ட் குடும்பம். நத்தார்ப் பண்டிகைக்கு உலர்ந்த திராட்சையில் வீட்டிலேயே வைன் போடுவார்கள், அதில் மிச்சம் இருந்ததைச் சாந்தினியின் அப்பா விரல் உயரக் கிளாஸில் எனக்கும் ஊற்றினார். நான் வேண்டாம் என்றதும் அதையும் அவரே குடித்தார். இதுதான் உலகத்திலேயே நல்ல வைன் என்று சொன்னார். அவர் வேறு வைன் குடித்ததே இல்லையாம். உங்கள் பட்டியல்களைவிட அவர் சொன்னதை நான் நம்புகிறேன்.

மறுநாள் ஆறே முக்காலுக்கு ஓட்டோ. டவுனிலிருந்து பாலத்தடிச் சாவடி ஆறு கிலோமீற்றர், நூற்றைம்பது ரூபாய். சாவடியிலிருந்து அக்காவின் ஊர் ஒன்பது கிலோமீற்றர். மொத்தம் பதினைந்து. இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். ஏன் என்றும் சொல்கிறேன்.

இறப்பதற்கு முதல்நாள் மாலை அத்தான் வயல் வட்டைக்குத் தண்ணீர் மறிக்கப் போனார். வரம்பில் புடையன் பாம்பு கடித்தது. ஐந்தே முக்கால் மணி. அவருடைய அண்ணன் தங்கராசாவும் வேறு இரண்டு பேரும் அவரை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு சாவடிக்கு வந்தபோது ஏழு மணி. சாவடி பூட்டியிருந்தது. கெஞ்சினார்கள். ஆள் செத்துக்கொண்டிருக்கிறது என்று காட்டினார்கள். காலையில்தான் திறக்கும், மேலிடத்து உத்தரவு என்றார்கள். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் டவுனின் வெளிச்சம் தெரியும். ஆஸ்பத்திரி ஆறு கிலோமீற்றர், மருந்து அங்கே பெட்டியில் இருந்தது. அத்தான் விடியுமுன் நாலு மணியளவில் போனார். ஆறரைக்குக் கேற்றைத் திறந்தார்கள்.

அந்தக் கேற்றடியில்தான் நான் படையலன்று காலை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாற்பது பேராவது இருப்பார்கள். தண்ணீர்ப் போத்தல் வைத்திருந்த ஒவ்வொருவரையும் ஒரு மிடறு குடித்துக் காட்டச் சொன்னார்கள். உள்ளே பெற்றோலோ வேறு எதுவோ இல்லை என்று தெரிந்துகொள்ளவாம். என் முறை வந்ததும் சிப்பாய் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். அரைகுறைத் தமிழில், "குடிங்க, நோனா," என்றான்.

எனக்குச் சிங்களம் தெரியும். மூடி உடைக்காத போத்தல், கடைச் சாமான், செத்தவருக்குப் படைக்கக் கொண்டுபோகிறேன், வாய் வைத்தால் எச்சில் ஆகிவிடும், எச்சிலைப் படைக்க முடியாது என்று விளக்கமாகச் சொன்னேன். மூடியைக் கழற்றிவிட்டு யார் வேண்டுமானாலும் மறுபடி அடித்து இறுக்கலாம் என்றான். அவன் சொன்னதில் பிழை இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. மணந்து பார் என்றேன். கையில் ஊற்றிப் பார் என்றேன். குடிக்காவிட்டால் போத்தல் இங்கேயே நிற்கும் என்று சொல்லி, இடுப்புப் பட்டியின் கொக்கியால் மூடியைக் கழற்றிவிட்டான். மூடி மண்ணில் விழுந்தது.

இடது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி உறிஞ்சினேன். போத்தலில் வாய் படக்கூடாது என்ற ஒரே நினைப்பு. நுரை முழங்கை வரை வழிந்து சட்டையை நனைத்தது. கசப்பு. வரிசையில் நின்றவர்களில் யாரோ, "காலம்பறயே தொடங்கிற்றா," என்றார். நம்முடைய ஆள்தான், தமிழில்தான். சிப்பாய் சிரிக்கவில்லை, அடுத்த பையைத் திறந்தான். எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் போத்தலால் அவர்கள் இரண்டு பேரின் தலையிலும் போட வேண்டும் போல இருந்தது. போட்டால் படையலுக்கு எதுவும் மிஞ்சாது என்பதால் விட்டேன்.

மறுகரையில் இயக்கத்துச் சாவடி. அங்கே ஒரு பெண்பிள்ளை குடியின் தீமை பற்றி ஐந்து நிமிடம் பேசினாள். படையலுக்கு என்றதும் கொப்பியில் எழுதிக்கொண்டு போகவிட்டாள். அதற்கப்பால் ஒன்பது கிலோமீற்றர் உழவு இயந்திரத்தின் பெட்டியில். மூடியில்லாத போத்தலின் வாயில் பொலித்தீன் கட்டி, பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் நுரை பொங்கியது. போய்ச் சேர்ந்தபோது பத்தேகால், போத்தலில் முக்கால்வாசி இருந்தது.

வீட்டில் எல்லாம் ஆயத்தம். தலைவாழையிலையில் சோறு, நண்டுக் கறி, இறால் பொரியல், வெற்றிலை, ஒரு கட்டு பீடி. நடுவில் ஒரு கிளாஸ், வெறுமையாக. தங்கராசா அண்ணன்தான் படைக்க இருந்தார். ஐம்பது வயது மனிதர், ஊரில் செத்த வீட்டு முறையெல்லாம் அவரிடம்தான் கேட்பார்கள். போத்தலை வாங்கி ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"மூடி எங்க, புள்ள?"

ஆமிக்காரன் மணந்து பார்த்தான் என்று பொய் சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் அந்தப் பொய்யைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

போத்தலைக் கீழே வைத்துவிட்டார். "இது எச்சில். வைக்கப்படா."

"வாய் படயில்ல அண்ணன். கையில ஊத்தித்தான் குடிச்சன்."

"செத்தவனுக்கு முதல் ஆரும் ருசி பார்த்தா எச்சில்தான். முறை எண்டு ஒண்டு இருக்கு. தண்ணிய ஊத்தி வைப்பம், அவன் கோவிக்கமாட்டான்."

அதுவரை சுவரோடு சாய்ந்திருந்த அக்கா எழும்பினாள். அவள் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"முறையோ? அண்டைக்குக் கேற்றடியில அந்த மனுசன் நாக்கு வறண்டு தண்ணி தண்ணி எண்டு கேட்டுக் கிடந்தாரே, அப்பயும் நீங்கதான சொன்னீங்க, பாம்பு கடிச்சவனுக்குத் தண்ணி குடுக்கப்படா, விசம் ஏறும், அதான் முறையெண்டு? செம்பு என்ட கையில இருந்திச்சி. நானும் உங்கட சொல்லக் கேட்டுக் குடுக்காம இருந்தன். ஆமிக்காரன் கேற்றப் பூட்டினான். அவர்ட வாயப் பூட்டினது ஆரு? நாம. மறுகா இண்டைக்கும் எச்சில் எண்டு சொல்லிக் குடுக்காம விடுறதோ?"

அன்று கேற்றடிக்கு அக்காவும் போயிருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஒரு மாதமாக நான் அந்தச் சாவடியைத் திட்டிக்கொண்டே இருந்தேன். இனியும் திட்டுவேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் செம்பைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை.

தங்கராசா அண்ணன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். பிறகு போத்தலை எடுத்து, பொலித்தீனை அவிழ்த்து, கிளாஸில் ஊற்றத் தொடங்கினார். கிளாஸ் நிறைந்து நுரை இலையில் வழிந்தும் நிறுத்தவில்லை. போத்தல் காலியாகும் வரை ஊற்றினார்.

"குடிறா தம்பி," என்றார். "வயிறு முட்டக் குடி."

செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று படையலுக்கு முன் திரையை இழுத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம். தங்கராசா அண்ணன் மட்டும் உள்ளேயே இருந்தார். மணி பதினொன்றே முக்கால்.

இரண்டரை மணிக்கே கிளம்பிவிட்டேன், சாவடி மூடுமுன் கடக்க வேண்டுமே. டவுனில் சாந்தினியிடம் கேட்டேன், தண்ணீர் கொடுத்திருந்தால் விஷம் ஏறியிருக்குமா என்று. அவள் என்னைக் கோபமாகப் பார்த்தாள். "விடியவிடிய மருந்தில்லாமக் கிடந்ததாலதான் மனுசன் செத்தது. நாக்க நனைக்கிற தண்ணியால இல்ல," என்றாள்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சாவடி காலை ஆறரைக்குத் திறக்கும், மாலை ஐந்தரைக்கு மூடும். ஏழு மணிக்கு முன் வரிசையில் நில்லுங்கள். அந்தப் பக்கம் குடிவகை எதுவும் வாங்க முடியாது. கொண்டுபோனால் திறந்து குடிக்கச் சொல்லலாம், அதற்குத் துணிந்து போங்கள். பெண்ணாக இருந்தால் போத்தல் வாங்கித் தர ஓர் ஓட்டோக்காரரைத் தேடிக்கொள்ளுங்கள். மாலை ஐந்தரைக்கு மேல் பாம்பிடம் கடி வாங்காதீர்கள், பிள்ளை பெறாதீர்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழாதீர்கள். உத்தரவு அப்படி.

அப்படியும் யாருக்காவது கடித்து, மருந்து வந்து சேராமல் ஆள் கிடந்து தண்ணீர் கேட்டால், கொடுக்காதே என்று சொல்ல முறை தெரிந்த ஒருவர் நிச்சயம் பக்கத்தில் இருப்பார். நல்ல மனிதராகவும் இருப்பார். அவரைத் தள்ளிவிட்டு நாக்கையாவது நனையுங்கள். எங்கள் அத்தான் ஐந்து தடவை கேட்டாராம். அக்கா எண்ணி வைத்திருக்கிறாள்.