விற்கும் முன் காய்ச்சிய பால்

எங்கள் வீட்டை வாங்க வந்தவர்கள், வீடு கைமாறும் முன்பே அங்கே பால் காய்ச்ச வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. என் கணவர் பேருந்து ஓட்டப் போயிருந்ததால் நான்தான் தொலைபேசியை எடுத்தேன். முடியாது என்று ஒருவரிடம் சொல்ல எனக்கு இந்த வயதிலும் வரவில்லை. "கேட்டுட்டுச் சொல்றேன் தம்பி" என்று வைத்துவிட்டேன்.

எங்கள் வீடு சிங்கப்பூரில், தேக்காவில், ஐந்தாம் மாடி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபத்தேழு வருடம் அங்கேதான் இருந்தோம். தீபாவளிக்குச் சாலையில் விளக்கு போட்டுவிட்டால் எங்கள் கூடத்துச் சுவர் ஒரு மாதத்துக்கு நீலமும் சிவப்புமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழே புல்தரையில் உட்கார்ந்து ஊருக்குத் தொலைபேசியில் பேசும் தொழிலாளர்களின் குரல் சமையலறை ஜன்னல் வரை வரும். யாரோ ஒருவர் தன் மகளிடம், பல் விழுந்துச்சே, முளைச்சிருச்சா என்று கேட்பார். நான் கீரை ஆய்ந்துகொண்டே, அந்தப் பிள்ளை என்ன சொல்லியிருக்கும் என்று யோசிப்பேன். நான் வேலை பார்க்கும் பாலர் பள்ளிச் சமையலறையைத் தவிர எனக்குப் பேச்சுத்துணை அந்த ஜன்னல்தான். அங்கே நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

மகள் தீவின் வடகிழக்கே பொங்கோலில் இருக்கிறாள். அவளுடைய அடுக்குமாடிப் புளோக்கிலேயே ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. பேரனைப் பார்த்துக்கொள்ளவும் ஆச்சு, கணவரின் முழங்காலுக்கும் நல்லது என்று பேசி முடித்திருந்தோம். ஆனால் அந்த வீட்டுக்காரர் மாதக் கடைசி வரைதான் பொறுப்பதாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீடு விலைபோகாவிட்டால் அது போய்விடும்.

எங்கள் வீட்டை வாங்குகிறவருக்கு ஆப்ஷன் பத்திரம் கொடுத்தாயிற்று. அதை வாங்கிய இருபத்தொரு நாளுக்குள் அவர் கையெழுத்துப் போட்டால்தான் விற்பனை உறுதி. போடாமல் விட்டால் அவருக்கு நஷ்டம் கொடுத்த முன்பணம் மட்டும்தான். வாங்கித்தான் ஆகவேண்டும் என்று நாம் பிடிக்க முடியாது. இன்னும் ஆறு நாள் இருந்தது.

வாங்குகிற தம்பி தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்தவர். மனைவிக்கு ஐந்து மாதம். பிரசவத்துக்கு உதவியாக அவருடைய அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். எல்லாக் கணக்கும் அந்தம்மாவுடையது. கையெழுத்துக்குப் பிறகு அனுமதி வந்து சாவி கைக்கு வர இரண்டு மாதமாவது ஆகும். நடுவில் ஆடி. ஆவணியில் மருமகளுக்கு ஏழு மாதம் ஆகிவிடும், அப்போது புது வீடு புகக்கூடாது. ஆனியில் மிச்சமிருந்த நல்ல நாள் வரும் வெள்ளிக்கிழமை ஒன்றுதான். அன்றைக்குப் பால் காய்ச்சிவிட்டால் வீடு புகுந்ததாகிவிடும். சாமான் எப்போது வந்தாலும் பாதகமில்லை. இல்லையென்றால் இந்த வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

மறுநாள் வேலை முடிந்து எங்கள் வழக்கறிஞரிடம் போனேன். நகைக்கடைக்கு மேலே அலுவலகம். என் மகள் வயதுப் பெண். கேட்க வேண்டியதைப் பாலர் பள்ளி மதிய உணவுத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பேச்சு வராவிட்டாலும் படித்துவிடலாமே.

"பூஜை அலமாரி... சுவத்துல திருகாணி போட்டு மாட்டுனது. எடுத்துட்டுப் போலாமா?"

"சுவத்தோட சேர்ந்தது வீட்டோட போயிடும் ஆண்ட்டி. ஃபேன், கிரில் கேட் எல்லாம் அப்படித்தான். வேணும்னா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு எழுதிடணும். எழுதவா?"

"எழுதிடுங்க" என்றேன். அந்த அலமாரி நாங்கள் குடிவந்த வாரம் என் கணவர் தன் கையால் மாட்டியது. ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும்.

பால் விஷயத்தைப் படித்ததும் அவள் சிரித்துவிட்டாள். "இந்தக் கேள்வி எனக்கே புதுசு லா." பிறகு பேனாவைக் கீழே வைத்தாள். "சாவி மட்டும் கொடுத்துடாதீங்க. ஒரு பையைக்கூட விட்டுட்டுப் போக விடாதீங்க. அவர் கடைசியில சைன் பண்ணலைன்னா? அந்தப் பொண்ணு கிச்சன்ல வழுக்கி விழுந்துட்டா? யார் பொறுப்பு? விருந்தாளியா வரட்டும், காய்ச்சட்டும், குடிச்சிட்டுக் கிளம்பட்டும்."

விருந்தாளியாக மட்டுமே வருகிறோம், வீட்டின் மேல் இதனால் எந்த உரிமையும் இல்லை என்று ஒரு தாளில் அடித்துக் கொடுத்தாள். அலமாரி எங்களுக்கு என்பதும் அதன் கீழேயே இருந்தது.

"பாலுக்கு முன்னாடி சைன் வாங்கிடுங்க ஆண்ட்டி. அப்புறம்னா நீங்க கேக்க மாட்டீங்க. பார்த்தாலே தெரியுது."

வீட்டுக்கு வந்து கணவரிடம், வெள்ளிக்கிழமை நீங்களும் இருங்கள் என்றேன்.

"லீவு கேட்டேன், கெடைக்கல. நீ பார்த்துக்க."

"நானா பேசுறது?"

"எதுக்குப் பேசுறே? பேப்பரை நீட்டு. பேனாவை நீட்டு. அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூவரும் வந்தார்கள். அந்தம்மாவின் கையில் புதுப் பித்தளைப் பானை, தம்பியின் கையில் சிறிய காமாட்சி விளக்கு. மருமகள் நேராகச் சமையலறை ஜன்னலுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். தாள் பிஸ்கட் டின்னுக்கு அடியில் இருந்தது. இரண்டு தடவை எடுத்தேன், இரண்டு தடவையும் திரும்ப வைத்தேன். அந்தம்மா தீக்குச்சியை உரசியபோதுதான் இனி நேரமில்லை என்று பட்டு, தாளைத் தம்பி முன்னால் நீட்டினேன்.

"என்னடா அது?" என்றார் அந்தம்மா.

தம்பி படித்துச் சொன்னார். அந்தம்மாவின் கையிலிருந்த குச்சி விரல் வரை எரிந்தது. உதறிப் போட்டார்.

"விருந்தாளியா? விருந்துக்கு வந்தவ எங்கயாவது பால் காய்ச்சுவாளா? இது எங்க வீடு இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டா அடுப்பைப் பத்த வைக்கணும்?"

"அம்மா, அது சும்மா லீகலுக்கும்மா."

"உன் லீகல் சாமிக்குத் தெரியுமா? எடு பானையை. கெளம்பு."

"அத்தை, எனக்கு இந்த ஜன்னல் புடிச்சிருக்கு" என்றாள் மருமகள், திரும்பாமலே.

"ஜன்னல் எல்லா வீட்டுலயும்தான் இருக்கு."

தம்பி பானையை எடுத்துவிட்டார். எனக்குப் பொங்கோல் வீடு கண்முன் வந்தது; மகள் அந்தக் கூடத்தில் நின்று, அம்மா இங்க கட்டில் போடலாம் என்று கையை விரித்துக் காட்டியது வந்தது. தாளை மடித்துப் போட்டுவிட்டால் இவர்கள் இருப்பார்கள். ஆனால் காலையில் நான் கழுவிவிட்ட ஈரத் தரையில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். வழக்கறிஞர் சொன்னது காதிலேயே இருந்தது.

"அம்மா" என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "பேப்பருக்கு நீங்க விருந்தாளியா இருங்க. சாமிக்கு நான் விருந்தாளியா இருந்துக்கறேன். நான் வெளிய போய் நிக்கிறேன். நீங்க காய்ச்சிட்டு என்னை உள்ள கூப்பிடுங்க."

பதிலுக்குக் காத்திருக்கப் பயந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நடைபாதைக்கு வந்துவிட்டேன்.

பையும் சாவியும் இல்லாமல் என் வீட்டு வாசலில் நான் நின்றது அதுவே முதல் தடவை. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, சாவியைத் திருகுவதுபோல் கையைக் காட்டி, மறந்துவிட்டாயா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.  உள்ளே தம்பி பேனா கேட்கும் குரல், பிறகு தீக்குச்சி உரசும் சத்தம். கடைசியில் மருமகள், "பொங்குது அத்தை, பொங்குது!" என்று கத்தினாள்.

அந்தம்மா வாசலுக்கு வந்தார். கை குவித்து, "வாங்கம்மா. எங்க வீட்டுக்கு வாங்க" என்றார்.

என்னை அறியாமல் வலது காலை எடுத்து வைத்தேன். என் சோபாவில் என்னை உட்கார வைத்து, என் டம்ளரிலேயே பால் கொண்டுவந்து கொடுத்தார்.

"சர்க்கரை போதுமா?"

"போதும்மா." அதுவும் என் சர்க்கரைதான்.

தாளில் தம்பியின் கையெழுத்து இருந்தது. பூஜை அலமாரியைப் பார்த்தேன். எங்கள் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பலகை சரிந்த பக்கம் விளக்கு சாய்ந்துவிடாமல் யாரோ ஒரு தீப்பெட்டியை அடியில் முட்டுக் கொடுத்திருந்தார்கள். பேனாவை வாங்கி, அலமாரி எங்களுக்கு என்ற வரியைக் கோடு போட்டு அடித்தேன். தம்பியும் நானும் பக்கத்தில் சிறியதாகக் கையெழுத்துப் போட்டோம். வழக்கறிஞர் பிறகு, "ஏன் ஆண்ட்டி, கேட்டு வாங்குன ஒண்ணே ஒண்ணு அதுதானே?" என்று கடிந்துகொண்டாள். 

விளக்கு குளிர்ந்ததும், வழக்கறிஞர் சொன்னபடியே ஒரு பையையும் விடாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை, கடைசி நாளில், தம்பி ஆப்ஷனில் கையெழுத்துப் போட்டார். பொங்கோல் வீடு எங்களுக்குக் கிடைத்தது.

ஆடி முழுவதும் நாங்கள் தேக்காவில்தான் இருந்தோம். சட்டப்படி அது எங்கள் வீடு. ஆனாலும் குழாயடியில் ஒரு தரை ஓடு விரிசல் விட்டபோது, அந்தம்மா என்ன நினைப்பார் என்றுதான் முதலில் தோன்றியது. ஜன்னல் கம்பிகளை இருபத்தேழு வருடத்தில் அப்படித் துடைத்ததில்லை. ஆவணியில் வீடமைப்புக் கழக அலுவலகத்து மேசையின் மேல் சாவிகளை வைத்தேன். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். இல்லை என்று தலையாட்டிவிட்டேன்.

பொங்கோலில் ஜன்னலுக்கு வெளியே நீரோடை. பேரன் அங்கே நின்று படகு வருகிறதா என்று பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் சத்தமே இல்லை. மகள் வாங்கித் தந்த அலமாரியில் முருகன் துளிகூடச் சரியாமல் நேராக இருக்கிறார்.

போன மாதம் தேக்கா வீட்டிலிருந்து அந்தம்மாவின் மருமகள் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். பாப்பா குப்புற விழுந்துவிட்டாளாம். நான் கீரை ஆய்ந்துகொண்டு கேட்டேன். அவள் பேச்சுக்குப் பின்னால் குழந்தை சிணுங்கியது. அதற்கும் பின்னால், கீழே புல்தரையிலிருந்து யாரோ ஒருவர், சத்தம் சரியாகக் கேட்காமல், "சாப்பிட்டியா? சாப்பிட்டியான்னு கேட்டேன்" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்தச் செய்தியை மறுபடி போட்டுக் கேட்டேன்.