மணலுக்குள் ஒரு சேற்றுக் கோடு

அன்றைக்குக் குழியடியில் நின்றவர்களைச் சொல்கிறேன். மலைநாட்டுக் கேம்பஸிலிருந்து வந்த ப்ரொபெசர் ஒருவர். சிங்களவர். கல்லும் மண்ணும் படித்தவர். அவர் சொல்வதைத் தமிழில் எங்களுக்குச் சொல்ல மட்டக்களப்புப் பக்கத்து மாணவி ஒருத்தி. என் பெண்சாதியின் காக்கா, அதாவது அண்ணன், எனக்கு மச்சான். மண்வெட்டியோடு நான். வேன் சாரதியும் வந்திருந்தார், ஆனால் வேனுக்குள் தூங்கினார்.

யுத்தம் முடிந்து இரண்டு மாசம். ரோட்டில் ஆமி மறிப்பது குறைந்திருந்தது. சுனாமியாய்க் கடல் ஊருக்குள் வந்து நாலரை வருஷம். அதற்கு முன்பும் அப்படிக் கடல் வந்ததுண்டா என்று மண்ணைப் பார்த்துச் சொல்ல அவர்கள் வந்தார்கள். வீடில்லாத, கிளறாத காணி ஒன்று கரையோரமாக வேண்டும் என்றார்கள். கிணறு வெட்டுவது என் தொழில். அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். நான் காட்டிய காணி நாங்கள் இருந்த காணி.

வெட்டுவதற்கு முன் ஒரு தாளில் காணிக்காரரின் ஒப்பம் கேட்டார்கள்.

"காணிக்காரர் ஆர்?" என்றாள் மாணவி.

"நான்" என்றேன்.

"நான்" என்றார் மச்சான்.

அவள் இரண்டு பேரையும் பார்த்தாள். ப்ரொபெசரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். கடைசியில் இரண்டு பேரும் ஒப்பம் வைத்தோம்.

எங்கள் பக்கம் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். ஆண் தன் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போவான். அந்தப் பன்னிரண்டு பேர்ச்சஸ் நிலமும் என் பெண்சாதியின் பேரில். அவளுடைய தாய் தகப்பன் முந்தியே மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தவர்கள். கூடப் பிறந்தது மச்சான் மட்டும். அவளையும் எங்கள் ஒரே மகளையும் கடல் ஒரே காலையில் கொண்டுபோனது. பிறகு கரையோரம் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் கோடு போட்டது. அந்தக் காணியை ஒருவரும் தேடவில்லை. மச்சானும் தேடவில்லை. யுத்தம் முடிந்தது, இனிக் கட்டலாம் என்று கதை வந்தது, மச்சான் வந்தார்.

பள்ளிவாசலில் மௌலவி பங்கு சொல்லியிருந்தார். தாயும் மகளும் ஒன்றாய் மௌத்தானால், அல்லது யார் முந்தி என்று தெரியாவிட்டால், அவர்களுக்குள் பங்கு இல்லை. காணியில் பாதி எனக்கு, பாதி மச்சானுக்கு. தாய் முந்தி மௌத்தாகி மகள் பிறகு என்றால் வேறு கணக்கு. தாயின் காணியில் பாதி மகளுக்குப் போய், மகளிடமிருந்து எனக்கு வரும். பிள்ளை இருந்தால் புருஷனுக்குக் கால்வாசி. அதையும் சேர்த்தால் முக்கால்வாசி என்னுடையது. வெள்ளிக்கிழமை வந்து சாட்சி சொல் என்றார்கள்.

எனக்குச் சாட்சி தேவையில்லை. யார் முந்தி என்று எனக்குத் தெரியும். நான் கண்டேன்.

குழி ஆளுயரம் போனது. கிணறு வெட்டுகிற கை சும்மா இருக்காது. சுவரை மண்வெட்டியால் வழித்து மினுக்கிவிட்டேன். சுவர் இடியாமலிருக்க நாங்கள் எப்போதும் செய்கிற வேலை. ப்ரொபெசர் தலையில் கை வைத்தார்.

"ஐயோ நானா, மண் படையெல்லாம் கலந்து போயிற்று" என்றாள் மாணவி, என்னை அண்ணன் முறை வைத்து. "சேர் அதத்தான் பாக்க வந்தவர்."

ப்ரொபெசர் தானே இறங்கி மேசன்மார் வைத்திருப்பது போல ஒரு கரண்டியால் சுவரைச் சீவினார். படைகள் தெரிந்தன. மேலே புல் வேரோடு கொஞ்ச மண். அதற்குக் கீழே ஒரு முழம் வெள்ளை மணல், சிப்பித் துண்டுகளோடு. அது நாங்கள் கண்ட கடல். அதற்குக் கீழே கறுப்பு மண். என் பெண்சாதி கூட்டிய வாசல் அது. அதற்கும் கீழே, இடுப்பளவு ஆழத்தில், இன்னொரு வெள்ளை மணல்.

"முந்தியும் வந்திரிக்கி" என்றார் மச்சான். சத்தம் குறைந்திருந்தது.

ப்ரொபெசர் தன் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து அவர் கையில் கொடுத்தார். உள்ளங்கை அகலம். பாம்பு சுருண்டு படுத்தது போல.

"இதென்னடாப்பா, தேங்குழலக் கல்லாக்கி வெச்சிரிக்காங்க" என்றார் மச்சான்.

மாணவி சிரித்தாள். "அமோனைட் எண்டு பேர். கடல்ல இருந்த உயிர். இப்ப ஒண்டும் மிச்சமில்ல. இது வெளிநாட்டுப் பாறையில எடுத்தது, நம்மட பக்கம் இல்ல. இதுல கனக்கச் சாதி இருந்தது. ஒவ்வொரு சாதியும் கொஞ்சக் காலந்தான், ஆனா கடல் முழுக்கப் பரவினது. எந்தப் பாறையில எந்தச் சாதி கிடக்கெண்டு பாத்தா அந்தப் பாறைட காலம் தெரியும்."

"கனகாலம் இருந்த சாதி?" என்று கேட்டேன்.

"அது உதவாது நானா. எல்லாப் படையிலயும் கிடக்கும். கெதியா அழிஞ்சதுதான் காலம் சொல்லும்."

கல்லை என்னிடமும் தந்தாள். பாரமாக இருந்தது. திருப்பிக் கொடுத்தேன். மகள் இருந்தது நாலு வருஷமும் இரண்டு மாசமும்.

மச்சான் குழியின் விளிம்பில் குந்தினார். "தங்கச்சி, சேரிட்ட ஒண்டு கேளுங்க. ஒரே மணலுக்குள்ள ரெண்டு சாமான் கிடந்தா, எது முந்தி வந்ததெண்டு சொல்ல ஏலுமா?"

அவள் கேட்டாள். ப்ரொபெசர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"ஒரு அலை போட்ட மணலுக்கு ஒரே வயசுதானாம். பாரமானது கீழ போகும், லேசானது மேல நிக்கும். அவ்வளவுதான். முந்தி பிந்தி இல்ல."

மச்சான் என்னைப் பார்த்தார். "கேட்டயா மச்சான். படிச்ச மனிசன் சொல்றார்."

ஆனால் ப்ரொபெசர் முடிக்கவில்லை. கரண்டி நுனியால் மேலே இருந்த வெள்ளை மணலின், நாங்கள் கண்ட கடலின், நடுவில் தொட்டுக் காட்டினார். மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று. நூல் கனம். நான் வழித்தபோது அது தெரியவில்லை.

"இது சேறு" என்றாள் மாணவி. "கீழ் மணல் முதல் அலை. மேல் மணல் ரெண்டாம் அலை. இடையில தண்ணி அசையாம நிண்டிரிக்கி. அப்ப கலங்கல் அடங்கிப் படிஞ்சதுதான் இந்தக் கோடு."

மச்சான் எழும்பிப் போய் வேனில் சாய்ந்து நின்றார். அந்தக் கோட்டை அவர் கிட்ட வந்து பார்க்கவே இல்லை.

நான் பார்த்தேன். கடல் வந்த அந்தக் காலை, குளிக்கக் கிணற்றடிக்குப் போனவன், தண்ணீரைக் கண்டு பக்கத்துத் தென்னையில் ஏறினேன். முதல் அலை சமைக்கிற குசினியை உடைத்துப் பெண்சாதியைக் கொண்டுபோனது. அவள் முகம் கீழே இருந்தது. பிறகு அவள் எழும்பவில்லை. மகள் இடிந்த சுவரின் மேல் தொற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் நின்றது. கறுப்பாய், அசையாமல், கழுத்தளவு இருக்கும். எனக்கும் அவளுக்கும் நடுவில் இருபது பாகம் தூரம். அவள் வாப்பா, வாப்பா என்று கூப்பிட்டாள். நான் இறங்கவில்லை. கை மரத்தை விடவில்லை. பிறகு இரண்டாவது வந்தது.

இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. மரத்தில் இருந்தேன், ஒன்றும் தெரியவில்லை என்றுதான் நாலரை வருஷமும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி மண்டபத்தில் இருந்தோம். மௌலவி, பள்ளித் தலைவர், மச்சான், நான். வெளியில் சிலர் செருப்புத் தேடுகிற சாட்டில் நின்றார்கள்.

"பள்ளியில வெச்சுக் கேக்கிறன்" என்றார் மௌலவி. "கண்டதச் சொல்லுங்க. தாய் முந்தியா, புள்ள முந்தியா?"

நான் வாயைத் திறந்தேன். அந்தக் கோட்டைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். இடையில் நேரம் இருந்தது என்று மண்ணே சொல்கிறது என்று.

மச்சான் முந்திக்கொண்டார்.

"அவனுக்கு என்ன தெரியும் ஹஸரத்? கண்டிருந்தா இறங்காம இருப்பானா? தாய் போய், புள்ள உசிரோட நிக்கிறதக் கண்டுட்டு எந்தத் தகப்பன் மரத்துல இரிப்பான்? மிருகமும் இரிக்காது."

அவருக்குத் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முகம் அமைதியாக இருந்தது. வெளியில் நின்றவர்கள் செருப்புத் தேடுவதை விட்டிருந்தார்கள்.

"ஓம், அதுவும் சரிதான்" என்றார் தலைவர். "நீங்க சொல்லுங்க."

"ரெண்டு பேரும் ஒண்டா" என்றேன்.

"கண்டீங்களா?" என்றார் மௌலவி.

"ஓம். ஒண்டாத்தான் போனாங்க."

"மகள் உசிரோட இருந்தத நீங்க காணல்ல?"

"காணல்ல."

மௌலவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒப்பம் வைக்கச் சொன்னார். வைத்தேன். மச்சான் என் தோளைத் தட்டினார். "இனி நமக்குள்ள ஒண்டுமில்ல மச்சான்" என்றார்.

அடுத்த கிழமை காணி அளக்கிற சேவையர் வந்து எல்லைக் கட்டை அடித்தார். கடல் பக்கத்துத் துண்டு எனக்கு. ஆறு பேர்ச்சஸ்.