வரிசை மாறிய அட்டைகள்

எழுபதுகளின் கடைசியில், பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் நான் கணிதம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்கள் வீடு பாலக்காட்டை அடுத்த சித்தூர் பக்கம். கம்ப்யூட்டர் என்ற சொல்லையே அப்போது எங்கள் ஊரில் பலர் கேட்டிருக்கவில்லை. எங்கள் ஆசிரியர் ஒருவர் முயற்சி எடுத்து, வகுப்பில் ஆறு பேருக்கு மட்டும் ஒரு சிறு பயிற்சி ஏற்பாடு செய்திருந்தார். ஆறு பேரில் நான் ஒருத்திதான் பெண்.

பாடம் பாலக்காட்டில், கம்ப்யூட்டர் கோயமுத்தூரில். அங்கே ஒரு கணிப்பு மையத்தில் பெரிய அறை நிறைய அந்த இயந்திரம் இருந்தது. இன்றுபோல் விசைப்பலகையில் தட்டினால் திரையில் தெரிகிற காலம் இல்லை. நாம் எழுதும் புரோகிராமின் ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையில் துளைகளாகக் குத்த வேண்டும். நூறு வரி என்றால் நூறு அட்டை. முன்னால் வைக்கிற நீல அட்டைகள் இது யாருடைய வேலை, எந்த மொழியில் எழுதியது என்பதையெல்லாம் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அவற்றைப் படித்து வேலையை நடத்துவதுதான் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அட்டைகளை வரிசையாக அடுக்கிக் கொடுத்தால், விடையைத் தாளில் அச்சடித்துத் தருவார்கள்.

எல்லோரும் ஒருமுறை போய் அட்டைகளைக் குத்திக்கொண்டு வந்தோம். பிழை பார்த்த பிறகு அவற்றைக் கம்ப்யூட்டரில் ஓட்டுவதற்குக் கொண்டுபோகிற பொறுப்பை ஆசிரியர் என்னிடம் கொடுத்தார். கோயமுத்தூரில் என் சித்தி வீடு இருந்ததுதான் காரணம். நானோ, என் திறமையைப் பார்த்துத்தான் கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலை ஆறு கட்டுகளையும் ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"இதென்ன கண்ணு, லாட்டரிச் சீட்டா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. விளக்கிக் காட்ட ஒரு கட்டை எடுத்து ரப்பர் வளையத்தைக் கழற்றினேன். என்னுடைய கட்டை எடுக்கவில்லை, அது அழுக்காகிவிடுமே. இருந்ததிலேயே தடிமனான கட்டு ஒன்று கைக்கு வந்தது. அது எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள பெருமாட்டியிலிருந்து வரும் ஒரு மாணவருடையது. விவசாயக் குடும்பம். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர் என்பதால் வகுப்பில் அதிகம் பேசமாட்டார். ஆனால் மற்ற எல்லோரையும்விடப் பெரிய புரோகிராமை அவர்தான் எழுதியிருந்தார்.

மாநில எல்லையான வாளையாரில் செக்போஸ்ட்டுக்கு முன்னால் லாரிகள் நீளமாக நின்றிருந்தன. நான் அந்த அம்மாவிடம் துளைகளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். மடியிலிருந்த கட்டு அப்படியே சரிந்து பஸ் தரை முழுக்கப் பரவியது.

அந்த அம்மாவும் முன்சீட்டுக்காரர்களும் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். ஓர் அட்டைகூடத் தொலையவில்லை. ஆனால் வரிசை போய்விட்டது. பெட்டியிலேயே அந்த மாணவர் கையால் எழுதிய தாள்கள் இருந்தன. அவற்றைப் பார்த்து ஒவ்வொன்றாக அடுக்கினால் ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். மையத்துக்குப் போனதும் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தபோது, அட்டைகளை ஒப்படைக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அட்டை குத்தும் இயந்திரமும் காலியாக இருந்தது. என் புரோகிராமில் இரண்டு வரிகளை மாற்றினால் விடை இன்னும் அழகாக அச்சாகும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். ஒரு நிமிடம் தயங்கினேன். பிறகு அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தேன்.

என் வேலை முடிந்தபோது நேரமும் முடிந்திருந்தது. அவருடைய நீல அட்டைகளை மட்டும் தேடி எடுத்து முன்னால் வைத்தேன். மீதியைக் கைக்கு வந்தபடி தட்டி அடுக்கி, ரப்பர் வளையத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

எனக்கு விடை அழகாக வந்தது. அவருக்கு மூன்று பக்கம் பிழைச்செய்திகள் வந்தன.

திங்கட்கிழமை அவரிடம் தாள்களைக் கொடுக்கும்போது, "உங்களுக்கு நிறையத் தப்பு வந்திருக்கு" என்று மட்டும் சொன்னேன். ஆசிரியர் அந்த மூன்று பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, இவருக்கு அடிப்படையே பிடிபடவில்லை போலிருக்கிறது என்றார். அந்த மாணவர் தலைகுனிந்து நின்றார். அப்போதுகூட நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தார். தாளின் ஓரமெல்லாம் பென்சிலால் எழுதியிருந்தார்.

"நான் எழுதுன வரியெல்லாம் இருக்குதுங்க. முன்னும் பின்னுமாக் கிடக்குது. நாந்தானுங்க தப்பா அடுக்கிக் குடுத்துட்டனா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. நான், "இருக்கலாங்க" என்றேன்.

அதன்பிறகு அவர் பயிற்சிக்கு வரவில்லை. கடலைக்காட்டில் வேலை இருப்பதாக மற்றவர்களிடம் சொல்லியிருந்தார். அடுத்த வாரச் சனிக்கிழமைதான் கடைசி வாய்ப்பு. அன்று ஓடாவிட்டால் அவருக்குச் சான்றிதழ் கிடையாது. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அண்ணன் திட்டவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு, "ஏறு" என்றான்.

பெருமாட்டியில் அவர் கடலைக்காட்டுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தார். நான் வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் கொட்டியது, என் வேலையை முதலில் பார்த்துக்கொண்டது, அவர் கேட்டபோது மறைத்தது, எதையும் விடவில்லை.

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முதலில் கேட்டது வேறு.

"அப்ப என்ற புரோகிராமுல தப்பு இல்லீங்களா?"

"தெரியலீங்க. ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

அவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "இதெல்லாம் என்ற மண்டையில ஏறாதுன்னு எங்கப்பன்கிட்டச் சொல்லிப்போட்டனுங்க" என்றார்.

"நான் வந்து அவங்ககிட்டச் சொல்றேங்க."

"வேண்டாங்க. ஊட்டுல நான் சொல்லிக்கறேன். காலேஜுல எல்லாரு முன்னாலயும் நீங்க சொல்லிருங்க."

மறுநாள் சொன்னேன். ஆசிரியரும் மற்ற நால்வரும் இருந்தார்கள், அவரும் வந்திருந்தார். ஆசிரியர் மேசைமேல் இருந்த அட்டைகளின் பெட்டியை எடுத்து அவரிடம் கொடுத்தார். பிறகு அவரிடம், "எனக்கும் புரிந்திருக்கணும், வரிகளைக் கவனிக்காமல் பிழைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துட்டேன்" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் தன் கட்டை அடுக்கிவிட்டு, அதன் மேல்விளிம்பில் குறுக்காக ஒரு பென்சில் கோடு இழுத்தார். கீழே விழுந்தாலும் அந்தக் கோட்டைப் பார்த்தே வரிசைப்படுத்திவிடலாம். மற்ற எல்லோர் கட்டுக்கும் அப்படியே செய்தார், என்னுடையதற்கும். சனிக்கிழமை அவரே கொண்டுபோனார். அவருடைய இருநூறு வரியில் இரண்டே பிழைகள். ஓரிடத்தில் காற்புள்ளி விட்டுப்போயிருந்தது, இன்னோரிடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில எழுத்து. அங்கேயே திருத்தி மறுபடி ஓட்டி, விடையோடு வந்தார். என்னிடமும் காட்டினார். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

பிற்பாடு நான் பள்ளி ஆசிரியையாகி, பல வருடம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரின் பாகங்களையும் அதை இயக்கும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தேன். திரையில் பிழை வந்ததும் சில பிள்ளைகள், "எனக்கு இது வராது டீச்சர்" என்று எழுந்துவிடுவார்கள். அவர்களை உட்காரவைத்து, எந்த இடத்தில் என்ன நடந்தது என்று முதலிலிருந்து கூடவே பார்ப்பேன். பல நேரம் தப்பு அவர்களுடையதாகவே இருக்காது.

ஒரு மணி நேரத்தை எனக்கென்று வைத்துக்கொள்ளப்போய், நன்றாகப் படிக்கிற ஒருவரைத் தன் அறிவையே சந்தேகப்பட வைத்தேன் என்பதை நினைத்தால், இந்த வயதிலும் எனக்கு மனம் கூசுகிறது.