ஜாடிக்குள் செவலை

எங்கள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் அந்தக் கண்ணாடி ஜாடியை வெயில் படாத அலமாரியில் வைத்திருக்கிறோம். உள்ளே, ஃபார்மலினில், ஒரு பசுவின் இரண்டாம் வயிறும் அதை ஒட்டி இதயமும். வயிற்றின் உட்சுவர் தேன்கூடு போல அறை அறையாக இருக்கும். எல்லாம் ஊறிய வைக்கோலின் நிறம். தீவனத்தோடு உள்ளே போய், வயிற்றைத் துளைத்து இதயத்தை எட்டிய கட்டுக்கம்பித் துண்டு மட்டும் துருவேறிக் கறுப்பாக நிற்கிறது. இப்போது சிலிக்கோனில் செய்த வயிறுகள் வந்துவிட்டன. நாற்றமில்லை, கண் எரியாது, கழுவிக் கவிழ்த்துவிடலாம். ஆனாலும் அறுவை சிகிச்சை வகுப்புக்கு நான் இந்த ஜாடியைத்தான் இறக்குகிறேன். மாணவர்களுக்கு இது பாடப்பொருள். அந்தப் பசுவை வளர்த்து, இதையும் செவலை என்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒருவர் இருந்தார். நான் அவரை அக்கா என்பேன்.

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து மினி லாரியில் ஏற்றி வந்தபோதே செவலைக்குத் தாடையின் கீழ் நீர் கோத்து, கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. கத்தி வைக்கும் கட்டம் தாண்டிவிட்டது. மாலைக்குள் செத்துப்போனது. அறுத்துப் பார்த்தபின், இந்தப் பாகத்தை மட்டும் கல்லூரிக்குத் தருவீர்களா என்று கேட்டேன். அவர்கள் ஊரில் வீட்டுப் பசுவை வயல் மூலையில் உப்பும் திருநீறும் போட்டு முழுசாகப் புதைப்பார்கள். அக்காவோடு வந்திருந்த அவர் கொழுந்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா வெகுநேரம் பசுவின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"புள்ளைங்க கத்துக்கட்டும் டாக்டரம்மா. ஆனா மாட்டுப் பொங்கலுக்கு வந்து பொட்டு வைப்பேன். வேணாங்கக் கூடாது."

வருஷம் தவறாமல் வந்தார். கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, "எங்க செவலை இந்த வருஷம் எத்தனை பேரப் பாஸ் பண்ண வச்சா?" என்று கேட்பார். மாணவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பின் நடுவே ஏதோ உறுத்தும். ஃபார்மலின் சாவை நிறுத்துவதில்லை, சாவுக்குப் பிறகு நடக்க வேண்டியதை நிறுத்திவிடுகிறது. மண்ணுக்குப் போன பசுவிலிருந்து ஒரு துண்டு மட்டும் போகாமல் நிற்கிறது. அதற்குப் பொட்டு வைப்பவர் யாருக்கு வைக்கிறார்?

ஒரு மாசி மாதம் கொழுந்தனாரோடு வந்தார். கையில் குங்குமம் இல்லை, துணிப்பை இருந்தது.

"செவலையக் குடுத்துருங்க டாக்டரம்மா."

புதிதாக வாங்கிய மயிலைப் பசு வாய்க்கால் கரையோடு நின்றுவிடுகிறதாம். அடித்தாலும் இறங்குவதில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் செவலையைப் புதைத்த மூலை.

"முழுசாப் பொதைக்கலல்ல, வயித்தக் கேட்டு வழி மறிக்கிறா" என்றார் கொழுந்தனார். வரும் சந்தையில் மயிலையை விற்றுவிடுவதாக முடிவாகியிருந்தது. செவலையின் வயிற்றைக் கொடுத்தது அக்காதான் என்பதால் வீட்டில் அத்தனை பேச்சும் அவர் தலையில்.

"மருந்துல ஊறினது அக்கா. மண்ணு இத வாங்காது."

"வாங்காட்டிப் போவுது. எம் மேல உள்ள பேச்சு போவட்டும்."

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. முடியட்டும் என்று இருவரையும் பின்வரிசையில் உட்காரவைத்தேன். மேஜையில் செவலையின் வயிறு. இறுதியாண்டு மாணவி ஒருத்தி கையுறை விரலால் கம்பியைத் தொட்டபடி அறிகுறிகளைச் சொன்னாள்: முதுகைக் கூனும், முன்னங்காலை அகட்டி நிற்கும், சரிவில் இறங்காது, இறங்கினால் வயிற்றுப் பாரம் முன்னால் சரிந்து கம்பி குத்தும். எங்கள் பக்கம் தரை பாய் விரித்தது போலக் கிடக்கும். சரிவு என்றால் வாய்க்கால் கரை ஒன்றுதான்.

அக்கா எழுந்துவிட்டார். "பாப்பா, அத இன்னொரு தடவ சொல்லு. மேட்டுல ஏறுமா?"

"ஏறும்மா. எறங்கத்தான் யோசிக்கும்."

அக்கா கொழுந்தனாரைப் பார்த்தார். "நம்ம மயிலை கரை ஏறுதுல்ல தம்பி? ஏறித்தானே நின்னுக்குது?"

மறுநாளே மயிலை வந்தது. நின்ற நிலையிலேயே இடது விலாவை மரக்கவைத்துத் திறந்தோம். அந்த மாணவியின் கை தோள்வரை உள்ளே போனது. ஜாடியில் அவள் பழகிய அறைகள் குளிர்ந்து விறைத்தவை. இவை வெதுவெதுப்பாகச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். "இருக்கு மேடம்" என்று ஒரு கம்பித் துண்டை வெளியே எடுத்தாள். வீட்டுக்குக் கான்கிரீட் போட்டபோது வைக்கோல் போர் போடும் இடத்தில் சிதறி, செவலையின் வயிற்றுக்கும் போன அதே கட்டுக்கம்பி. இதயப் பையை இன்னும் எட்டவில்லை.

தையல் ஆறியபின் அவர்கள் ஊருக்குப் போனேன். மயிலை கரையேறி நின்றது, காற்றை மோந்தது, பிறகு தண்ணீரில் காலை வைத்து இறங்கி அந்தப் பக்கம் போனது. கொழுந்தனார் கைகூப்பினார்.

"மூலையில பால ஊத்தி மன்னிப்புக் கேட்டேன்ல. வழி விட்டுட்டா பாருங்க."

நான் வாய் திறப்பதற்குள் அக்கா என் கையை அழுத்தினார்.

"விடுங்க டாக்டரம்மா. பால் ஊத்துனதாலதான்னே இருக்கட்டும். அப்பத்தான் ஜாடியக் கேக்க மாட்டாரு."