அண்ணி மடக்கும் நாற்காலி

காரின் முன் சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டு, என் அண்ணி தன் மின்சாரச் சக்கர நாற்காலியைத் தானே மடக்குவார். நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். போகிறவர் வருகிறவர் எல்லாரும் முதலில் அண்ணியைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னை. "எரும மாதிரி நிக்கிறான் பாரு" என்று ஒரு அம்மாள் என் காதுபடவே சொல்லியிருக்கிறார். பல வருஷமாக இந்தப் பழியைச் சுமக்கிறேன். நாற்காலியைத் தொட்டால் அண்ணியிடம் கையில் அடி விழும் என்று தெருவில் போகிற ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

பேட்டரியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். கால்மிதியை மேலே மடிப்பார். பின்பக்கக் கொக்கியை ஒரு விரலால் இழுத்து, இருக்கையில் உள்ளங்கையால் ஒரு தட்டு. நாற்காலி பெட்டி மாதிரி சுருங்கிவிடும். அதற்கப்புறம்தான் எனக்கு வேலை. "டிக்கில படுக்க வைங்க. ஜாய்ஸ்டிக் மேல் பக்கம். மேல்னா வானம், தம்பி." விளம்பரத்தில் இறகு போல எடை என்று போட்டிருந்தார்கள். அந்த இறகைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போயிற்று. இப்போது அவர் நடைபாதையில் விர்ரென்று முன்னால் போகிறார், நான் அவர் பையைச் சுமந்துகொண்டு பின்னால் நொண்டுகிறேன். திரும்பிப் பார்த்து, "உங்களுக்கும் ஒண்ணு வாங்கிடலாமா?" என்பார்.

அண்ணியின் தொழில் ஜன்னல் திரைச்சீலை. அண்ணன் வீட்டில் வெட்டித் தைக்கிறார். வீடு வீடாகப் போய் அளப்பது அண்ணி. நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன். அண்ணியின் சவாரியில் மீட்டர் ஓடாது, வாய்தான் ஓடும்.

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கண் முதலில் தேடுவது ஜன்னலை அல்ல, பிளக்கை. "கொஞ்சம் கரண்டு எடுத்துக்கவா? இவன் காலைல சரியா சாப்பிடல" என்று பேட்டரியை நீட்டுவார். வீட்டுக்காரர்கள் பதறிப்போய் "உக்காருங்க, உக்காருங்க" என்பார்கள். "வர்றப்பவே உக்காந்துதான் வந்தேன்." அப்புறம் நீளமான கழியின் நுனியில் டேப்பை மாட்டி மேலே ஏற்றுவார். ஒரே ஜன்னலை இடது, நடு, வலது என்று தனித்தனியாக அளப்பார். எந்தக் கட்டடத்தையும் நம்பமாட்டார். "கொத்தனார் பொண்டாட்டியோட சண்ட போட்டுட்டு வந்து வச்ச ஜன்னல் இது. ஒரு பக்கம் இறங்கியிருக்கு." நாம் நின்றுகொண்டு பார்க்காததெல்லாம் அவர் கண்ணுக்கு நேரே இருக்கும். சோபாவுக்கு அடியில் காணாமல்போன ரிமோட்டை எத்தனையோ வீடுகளில் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்.

இதற்கிடையில் வீட்டுக்கார அம்மாள் என்னிடம் குசுகுசுவென்று கேட்பார்: "அவங்க காபி குடிப்பாங்களா?" அண்ணி உட்கார்ந்திருப்பது கையெட்டும் தூரத்தில்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே என்னிடம் சொல்வார்: "தம்பி, சர்க்கரை கம்மியா போடச் சொல்லி அவங்ககிட்ட சொல்லிடுங்க." நான் துபாஷி மாதிரி இந்தப் பக்கம் கேட்டு அந்தப் பக்கம் சொல்வேன். சில பேர் அப்போதும் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

போன மாதம் வெளியூரில் ஒரு ஹோட்டல் வேலை வந்தது. பெரிய கூடம், சுற்றிலும் கண்ணாடி. விமானத்தில்தான் போக வேண்டும். ஹோட்டல் மேனேஜர் போனில், "நடமாடுற ஆள் யாரையாச்சும் அனுப்பலாமே" என்றாராம். அண்ணனும், "தம்பி போய் அளந்துட்டு வரட்டுமே" என்று இழுத்தார்.

"தம்பி அளந்த திரை நம்ம பாத்ரூம்ல முட்டி வரைக்கும் தொங்குது. ஹோட்டலுக்கும் அதே ஃபேஷனா?" என்று சொல்லிவிட்டு, அண்ணி தனக்கு மட்டும் டிக்கெட் போட்டுக்கொண்டார். தனியாக விமானம் ஏறுவது அவருக்கு முதல் தடவை. பாதியில் திரும்பி வந்தால் இனி வெளியூர் வேலையெல்லாம் என் தலையில்தான். அது அவருக்குத் தெரியும். எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

விமான நிலையத்தில் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு நானும் உள்ளே போனேன். கவுன்ட்டர் என் நெஞ்சு உயரம். அதற்குக் கீழே அண்ணி. கவுன்ட்டர்க்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இவங்க நடப்பாங்களா?"

"அவங்களையே கேளுங்க."

"பேட்டரி என்ன வகை?"

"லித்தியம்," என்று கீழேயிருந்து குரல் வந்தது. "கழட்டலாம். கையில எடுத்துட்டு வருவேன்."

அவர் அதை நான் சொன்னதாக எடுத்துக்கொண்டு என்னிடம் தலையாட்டினார். "சரி சார். இந்த நாற்காலிய இங்கயே குடுத்துடுங்க. நாங்க ஒண்ணு தருவோம், ஆள் தள்ளிட்டுப் போவாங்க."

முன்பு அண்ணனோடு போனபோது அவர்கள் தந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் அண்ணி. அண்ணன் டீ வாங்கப் போன நேரத்தில், தள்ளியவர் அவரைச் சுவரைப் பார்க்க நிறுத்திவிட்டு எங்கேயோ போய்விட்டார். அந்த நாற்காலியின் சின்னச் சக்கரம் கைக்கு எட்டாது; அதைத் திருப்பிக்கொள்ளக்கூட அண்ணியால் முடியவில்லை.

"அதுல உக்காந்தா நான் பயணி இல்லங்க, லக்கேஜ்," என்றார் அண்ணி. "விமான வாசல் வரைக்கும் இதுலயே வர்றேன். அங்க நானே மடக்கித் தர்றேன்."

"அம்மா கோவப்படறாங்க. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க சார்."

கவுன்ட்டரில் ஒரு குத்து குத்தலாம் என்று கையை ஓங்கினேன். அண்ணி என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, நீங்க கிளம்புங்க."

"என்ன அண்ணி, இந்த ஆள்..."

"நீங்க நிக்கிற வரைக்கும் இவரு உங்ககிட்டதான் பேசுவாரு. பையை மாட்டிட்டுப் போங்க."

பையை நாற்காலியின் முதுகில் மாட்டினேன். கண்ணாடிக் கதவு வரைக்கும் போய், மனசு கேட்காமல் நின்றேன். கவுன்ட்டர்க்காரர் என்னைக் காணாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு எழுந்து, கவுன்ட்டரின் மேல் கவிழ்ந்து, கீழே பார்த்தார். அண்ணி வலது கையால் பேட்டரியை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். இடது கை முதுகுக்குப் பின்னால் வந்தது. திரும்பாமலே, விரல்களை அசைத்து, இன்னும் தள்ளிப் போகச் சொன்னது.