கிரெய்க்மோர் இல்லாத பயணம்

மார்ச் பிறந்துவிட்டால் மர்டோ கெடஸின் கசாப்புக் கடையில் எடை தாராளமாகிவிடும். அவர் கவனம் தராசில் இருக்காது. வெட்டுமேசையின் ஓரத்தில் விரித்து வைத்திருக்கும் கடற்கரை வரைபடத்தில் இருக்கும். அரைக் கிலோ சாஸேஜ் கேட்டவருக்கு முக்கால் கிலோவைக் கட்டிக் கொடுத்துவிட்டு, "மே மாசம் காத்து மேற்கேயிருந்துதானே அடிக்கும்?" என்று கேட்பார். போர்ட்கெலி ஜனங்கள் விவரமானவர்கள். "ஆமா மர்டோ, மேற்கேதான்" என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தோடு நடையைக் கட்டுவார்கள்.

மர்டோ பிறந்தது அந்தக் கடையின் மாடியில். பின்கதவைத் திறந்தால் புல் முளைத்த மணல்மேடுகள், அதற்கப்பால் கடல். அந்த மேடுகளில்தான் ஊரின் கோல்ஃப் மைதானம். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை, கத்தியும் கோல்ஃப் மட்டையும் ஒட்டிக்கொண்டன. பெரிய ஆட்டக்காரர் என்று சொன்னால் அவரே சிரிப்பார். ஆனாலும் ஒரு பெருமை உண்டு. கரையோரமாக இருபது மைல் தள்ளியிருக்கும் கிரெய்க்மோரில், பாறை உச்சியிலிருந்து கீழே அடிக்க வேண்டிய ஏழாவது குழியில், இளவயதில் ஒரே அடியில் பந்தைப் போட்டவர். உச்சியில் நின்றால் குழி கண்ணுக்குத் தெரியாது. முன்னாலேயே கீழே இறங்கிப்போயிருந்த நண்பன் டங்கன்தான் "உள்ள போயிடுச்சுடா!" என்று கத்தினான். அதன்பிறகு வருஷா வருஷம் அதே உச்சியில் நின்று மர்டோ அந்தக் கதையைச் சொல்லுவார், மற்றவர்கள் தொப்பியைக் கழற்றிக் கேட்க வேண்டும். கதையில் அடிக்கும் காற்றுக்கு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு வேகம் கூடிக்கொண்டே போனது.

மே மாதம் ஒரு வாரம், நான்கு பேர், நாளுக்கொரு மைதானமாகக் கரையோரமே கிழக்கே போவார்கள். திட்டம் போடுவது மர்டோவின் ஏகபோகம். பிரெம்னர் சகோதரர்கள் இருவரும் சாப்பாட்டு நேரம் மட்டும் கேட்டுக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவார்கள். மர்டோவின் ஜோடி டங்கன். மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பார்த்து ஓய்ந்த ஆள். அவனிடம் ஒரு கெட்ட பழக்கம். மர்டோ அடித்த பந்து தரையைத் தொடுவதற்குள், "வலது பக்கம், முட்புதருக்கு இந்தப் பக்கம், பொழச்சுது!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்துவான். கொஞ்ச காலமாக இது ரொம்பவே முற்றிவிட்டது.

"எனக்கும் கண்ணு இருக்குடா, வாய மூடு" என்பார் மர்டோ.

இந்தக் குளிர்காலத்தில் டங்கனின் இதயம் மக்கர் செய்தது. ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் என்று ஏதோ வைத்து அனுப்பினார்கள். சமதரையில் மெதுவாக நடக்கலாம், மேடு மட்டும் ஏறக்கூடாது. மைதானத்தில் ஓடும் பேட்டரி வண்டியில் போகலாமே என்று பிரெம்னர்களில் மூத்தவன் கேட்டதற்கு, "அது சவப்பெட்டிக்கு ஒத்திகை" என்று டங்கன் அவன் வாயை அடைத்துவிட்டான். அப்புறம் ஒருநாள் கடைக்கு வந்து, "என்னால உங்களுக்குத் தொந்தரவு. வேற ஆளப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மர்டோவுக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. வேற ஆள் என்றால் யார்? டங்கன் இல்லாத பயணம் பயணமா? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். தாத்தா காலத்து ஆட்டம் ஒன்று இருக்கிறது. ஜோடிக்கு ஒரே பந்து, மாறி மாறி அடிக்க வேண்டும். ஒருவன் முதல் அடி அடிக்கும்போது மற்றவன் முன்னாலேயே நடந்துபோய்ப் பாதி வழியில் நின்றுகொள்ளலாம். அடியும் பாதி, நடையும் மிச்சம். பழைய முறையில் ஆடிப் பார்ப்போம் என்று சொன்னால் டங்கனுக்கு எப்படிச் சந்தேகம் வரும்? மைதானங்களையும் சமதரையாகப் பார்த்துப் பொறுக்கினார். கிரெய்க்மோரில் உச்சிக்குப் போகப் படி ஏற வேண்டும். அந்தப் பெயரைப் பென்சிலால் கோடு போட்டு அடித்தார்.

மனைவி எல்ஸ்பெத் சாப்பாட்டு மேசையில் திட்டத்தைப் பார்த்தாள். "கிரெய்க்மோரக் காணோம்? உனக்கென்ன காய்ச்சலா?"

"அங்க சூப் சரியில்ல."

"இத்தன வருஷமா அந்த சூப்பத்தான் வந்து வந்து என்கிட்ட புகழ்ந்தியா?" என்றவள், அவர் முகத்தைப் பார்த்தாள். தட்டில் கறி அடைத்துச் சுட்ட ரொட்டியில் இன்னொரு துண்டை வைத்தாள்.

மறுநாள் மர்டோ டங்கனைக் கடைக்கு வரவழைத்தார். மிஸஸ் இம்ரி தராசில் வைத்த ஆட்டுச் சாப்ஸுக்காகக் காத்து நின்றாள். டங்கன் திட்டத்தை மேலிருந்து கீழே படித்தான். திரும்பவும் படித்தான். காது சிவந்தது.

"கிரெய்க்மோர் எங்கடா?"

"அங்க சூப்பு..."

"சூப்பாவது மண்ணாவது! அந்தக் கதையச் சொல்லலேன்னா உனக்கு மண்டையே வெடிச்சிடும். எனக்காக எடுத்திருக்க. பழைய ஆட்டம், சமதரை, நல்லா இருக்கே! என்னத் தொட்டில்ல போட்டுத் தள்ளிட்டுப் போகப் போறியா?"

மர்டோ கத்தியைக் கீழே வைத்தார். "ஆமாடா, உனக்காகத்தான்! நீ இல்லாம எனக்குப் போகப் பிடிக்கல. நீ வரலேன்னா நானும் போகல. போதுமா?"

மிஸஸ் இம்ரி ஜன்னலில் தொங்கிய பன்றித் தொடையை ரொம்ப அக்கறையாகப் பார்த்தாள். டங்கன் தொண்டையைக் கனைத்தான்.

"சரி. நீ அடிக்கிறப்ப நான் முன்னாடி நின்னு பந்தப் பாத்துக்குறேன். நான் அடிக்கிறப்ப?"

"நான் முன்னாடி நின்னு பாத்துக்குறேன்."

"கிழிச்ச. அந்தத் தராசு இப்ப என்ன காட்டுது, சொல்லு பாப்போம்."

மர்டோ குனிந்தார். இன்னும் குனிந்தார். எண்கள் இருந்த இடத்தில் வழக்கம்போல மூடுபனிதான் இருந்தது. மனைவியிடம்கூடச் சொல்லாத விஷயம். சொன்னால் கத்தியைப் பிடுங்கிவிடுவார்கள், அப்புறம் மட்டையையும். அந்த பயத்தில் இத்தனை நாள் சமாளித்து வந்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?" குரல் இறங்கிப் போயிருந்தது.

"முன்னயாவது மார்ச்ல மட்டும்தான் எடை தப்பும். ரெண்டு வருஷமா உன் கடையில பன்னெண்டு மாசமும் மார்ச்தானேடா! இல்லேன்னா நான் எதுக்குத் தொண்ட கிழியக் கத்துறேன்? என்னை என்ன வானொலியில வேலைக்கு வச்சிருக்காங்களா?"

மர்டோ தராசிலிருந்த சாப்ஸை எடுத்துக் கட்டி மிஸஸ் இம்ரியிடம் நீட்டினார். வாய மூடு என்று அவனை எத்தனை தடவை விரட்டியிருப்பார்! வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. மேலங்கியின் ஓரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

டங்கன் பென்சிலை எடுத்து, கடைசி நாளுக்கு நேரே கிரெய்க்மோர் என்று எழுதினான், மர்டோவுக்கும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக.

"படி ஏறக்கூடாதேடா நீ?"

"யார் ஏறப் போறா? மேல உள்ள குழிகள நீ பிரெம்னர்களோட ஆடிக்க. நான் கீழ, குழிக்குப் பக்கத்துல நிப்பேன். நீ உச்சியிலேர்ந்து அடி, எங்க விழுந்துச்சுன்னு நான் சொல்றேன். அன்னிக்கு மட்டும் உன் கண்ணாலயா பாத்த?"

"வர்ற வாரம் கண் டாக்டர்கிட்ட போறேன்" என்றார் மர்டோ, யாரும் கேட்காமலே.

"போங்க, போங்க" என்றாள் மிஸஸ் இம்ரி, பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு. "ஆனா இன்னிக்கு இத மறுபடி எடை போட்டுப் பாத்துடாதீங்க."